புத்தகம் சொல்லாமல் விட்டது

பென்சில்வேனியாவின் மேற்கு ஓரத்தில், பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஸ்லிப்பரி ராக் என்றொரு சிற்றூர். அதன் அருகே கூப்பர்ஸ் லேக் என்ற கூடாரத் திடல். ஆண்டின் பெரும்பகுதி அங்கே இருப்பது ஓர் ஏரி, புல், சரிவான மேடு, ஓரமாகக் கொஞ்சம் காடு. ஜூலைக் கடைசியில் அந்தப் புல்லின் மேல் ஓர் ஊர் எழும்புகிறது. கேன்வாஸ் கூடாரங்கள், கொடிகள், மரச்சட்டம் அடித்துத் துணி போர்த்திய வாயில்கள், விறகுப் புகை, இரவெல்லாம் பறையொலி. பத்தாயிரம் பேர் வரை கூடுகிறார்கள். ஆகஸ்ட் நடுவில் எல்லாவற்றையும் மடித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்குப் பென்சிக் போர் என்று பெயர். 1972-இல் தொடங்கியது. கிழக்கு அரசு, நடு அரசு என்ற இரு கற்பனை அரசுகளுக்கு இடையே நடக்கும் போர். வாள்கள் பிரம்பால் ஆனவை. வாங்கும் அடி உண்மையானது.

போர்க்களத்தை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். என் பொழுதெல்லாம் மேட்டின் மேல் வரிசையாக நிற்கும் வகுப்புக் கூடாரங்களில் கழிந்தது. இந்தக் குறிப்புகளும் அங்கே எழுதியவைதாம்.

*

இந்தப் போரை நடத்தும் அமைப்பின் தொடக்கம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டம். 1966 மே 1 அன்று, இடைக்காலத்தைப் படித்துக்கொண்டிருந்த டயானா பாக்ஸன் தம் வீட்டுப் பின்தோட்டத்தில் நண்பர்களைக் கூட்டி ஒரு வாள்போட்டி விருந்து நடத்தினார். அடுத்த முறை பொதுப் பூங்காவில் கூட அனுமதி கேட்டபோது அமைப்புக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்து, இன்று பல நாடுகளில் கிளைவிட்டிருக்கிறது.

உடைக்கு விதி ஒன்றுதான். 1600-க்கு முந்தைய உடையை உடுத்த ஒரு முயற்சியாவது செய்திருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு இரவல் தர ‘கோல்ட் கீ’ என்ற பெயரில் ஒரு கூடாரம் உண்டு. பெட்டி பெட்டியாக அங்கிகள் வைத்திருக்கிறார்கள். என் கைத்தறிச் சேலையைப் பார்த்த வாயிற்காவலர் எதுவும் கேட்கவில்லை. “நல்ல நெசவு” என்றார். விளிம்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டு, கரையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். எதையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கும் அந்தப் பழக்கம் அங்கே எல்லோரிடமும் இருக்கிறது. தையல் எங்கே முடிகிறது, நூல் எங்கே திரும்புகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

*

வகுப்புப் பட்டியல் ஒரு புத்தகம். பென்சிக் பல்கலைக்கழகம் என்கிறார்கள். பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. நூற்றுக்கணக்கான வகுப்புகள், பெரும்பாலும் ஒரு மணி நேரம் அல்லது இரண்டு. தக்ளியில் கம்பளி நூற்பது, செருப்பை உள்வெளியாகத் தைத்துப் புரட்டுவது, விளக்குச் சுடரில் கண்ணாடி மணி உருட்டுவது, கொம்பில் சீப்பு அறுப்பது, 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சமையல் குறிப்பைப் படித்து அடுப்பில் ஏற்றுவது. சொல்லித் தருபவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். கட்டணம் இல்லை. நூலுக்கோ தோலுக்கோ ஆன செலவை மட்டும் சில வகுப்புகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

மற்ற நாள்களில் இவர்கள் லாரி ஓட்டுகிறார்கள், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறார்கள், காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறார்கள். விடுமுறையைச் சேர்த்து வைத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரே ஒரு தையலைச் சொல்லித் தருவதற்காக ஆகஸ்ட் வெயிலில் மூட்டை சுமந்து மேடு ஏறி வருகிறார் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

*

மை வகுப்பு.

பலகையின் மேல் நான்கு பொருள்கள். சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிய, முள்முள்ளாகப் புடைத்த பழுப்பு உருண்டைகள். கண்ணாடிச் சில்லு போலப் பச்சைப் படிகம். தேன் நிறத்தில் பிசின் கட்டி. ஒரு குடுவை மழைநீர். ஐரோப்பா ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தன் எழுத்தில் பெரும்பகுதியை எழுதியது இந்த நான்கைக் கொண்டுதான். 1215-இன் மாக்னா கார்ட்டாவும் இந்த மைதான். பாக் தம் இசைக் குறிப்புகளை எழுதியதும் இதே மையில்.

உருண்டைகளை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். மாசிக்காய். பச்சைப் படிகம் அன்னபேதி. பிசின், கருவேலம் பிசினின் இனத்தைச் சேர்ந்தது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் எந்த நாட்டு மருந்துக் கடையில் நின்று இந்த மூன்றையும் கேட்டாலும் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். மாசிக்காய் உண்மையில் காய் அல்ல. ஓக் மரத்தின் கிளையில் ஒரு குட்டிக் குளவி முட்டையிடுகிறது. மரம் அதைச் சுற்றித் தன் துவர்ப்பையெல்லாம் திரட்டி ஓர் உருண்டை கட்டுகிறது. உள்ளே புழு வளர்ந்து குளவியாகி, ஓட்டை போட்டு வெளியேறும். இடைக்கால ஐரோப்பாவில் அலெப்போ வழியாக வந்த உருண்டைக்குத் தனி மதிப்பு. நம் மருந்துக் கடைக்கு வருவதும் மேற்கு ஆசியாவின் அதே மரத்திலிருந்து.

சொல்லித் தந்தவர் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர். கைவிரல் நகமெல்லாம் கருத்திருந்தது. உருண்டைகளை எங்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். ஓட்டை விழுந்தவை ஒரு பக்கம், விழாதவை ஒரு பக்கம். குளவி போன பிறகு துவர்ப்புக் குறைந்துவிடும், ஆகவே மூடியிருப்பதுதான் வேண்டும் என்றார். இதைப் பல பழைய குறிப்புகள் சொல்வதே இல்லை. நல்ல உருண்டையை எடு என்று மட்டும் இருக்கும். எது நல்லது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலும்.

இடித்து, மழைநீரில் ஊறவைத்து, வடிகட்டிய சாறு தேநீர் நிறத்தில் இருந்தது. அதில் அன்னபேதியைத் தூவினார். கிண்ணத்தின் நடுவிலிருந்து ஒரு கருநீலம் படர்ந்து விளிம்பைத் தொட்டது. பிசின் கரைசலை ஊற்றி, ஒரு குச்சியால் மெல்லக் கலக்கினார். “எழுதிப் பாருங்கள்” என்று இறகுப் பேனாவை நீட்டினார்.

எழுதியது சாம்பலாக, படிக்கவே சிரமமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவரிடம் பேனாவைக் கொடுத்தார். எல்லோரும் எழுதி முடித்து என் தாளைத் திரும்பப் பார்த்தபோது முதல் எழுத்துகள் கடைசி எழுத்துகளை விடக் கருத்திருந்தன. எழுதியது காற்றில் இருக்கும் பிராணவாயுவை வாங்கி, தாளின் இழைக்குள்ளேயே கருக்கிறது. மறுநாள் காலை முழுக் கருப்பு. அதைச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

இரும்பு மிகுந்தால் அதே மை தாளை அரிக்கும். பாக்கின் கைப்பிரதிகளில் எழுத்து இருந்த இடம் பொடிந்து ஓட்டையாகியிருப்பது அதனால்தான். “எவ்வளவு போட வேண்டும்?” என்று ஒரு பெண் கேட்டார். விகிதங்கள் பழைய ஏடுகளில் ஆளுக்கொன்றாக இருக்கின்றன, உருண்டையின் தரம் ஊருக்கு ஊர் மாறுவதால் விகிதத்தை மட்டும் நம்ப முடியாது என்றார் அவர். பிறகு சாற்றை நாக்கு நுனியில் ஒரு துளி வைத்து, துப்பி, “இந்த அளவுக்குத் துவர்த்தால் நான் இவ்வளவு போடுவேன்” என்று கிண்ணத்தைச் சுட்டினார். நாங்களும் ஒவ்வொருவராக, அன்னபேதி சேராத சாற்றை நாக்கில் வைத்துப் பார்த்தோம். வாய் முழுக்க இழுத்துப் பிடித்தது. அந்த இழுப்பின் அளவுதான் பாடம். அதை எந்த ஏட்டில் எப்படி எழுதியிருக்க முடியும்?

*

இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே விடிந்திருந்தது.

“அம்மா, மாசிக்காய் வாங்கும்போது எப்படிப் பார்த்து வாங்குவே?”

“எதுக்குடி மாசிக்காய்? யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?”

“குழந்தையெல்லாம் இல்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

“கையில எடுத்தா கனமா இருக்கணும். ஓட்டை விழுந்தது வேண்டாம், அதுல சத்து இருக்காது. சாதம் கொதிக்கறப்ப அதுலயே போட்டு வேகவச்சு, காயவச்சு எடுத்து வைக்கணும். ஜாதிக்காய், வசம்பு, கடுக்காய் எல்லாத்தோடயும் கல்லுல ஒரு சுத்து. குழந்தை மாசத்துக்கு ஏத்தமாதிரி சுத்து கூடும்.”

“இதையெல்லாம் எங்கே எழுதி வச்சிருக்கே?”

“எழுதறதுக்கு என்ன இருக்கு? உங்க பாட்டி உரைக்கறப்ப பக்கத்துல நின்னேன்.”

*

பழைய கைவினைஞர்கள் எழுதாமல் விட்டதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று அம்மா சொன்னது. பக்கத்தில் நிற்க ஆள் இருந்தவரை எழுத அவசியமில்லை. மற்றது அவ்வளவு மென்மையானதில்லை. தெரிந்ததைப் பூட்டி வைத்தார்கள்.

1291-இல் வெனிஸ் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு அனுப்பியது. ஊர் தீப்பிடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். வித்தை வெளியே போகாமல் கண்பார்வையில் இருக்கும் என்பதும் அதோடு சேர்ந்தது. பிற்பாடு கண்ணாடிக்காரர்கள் குடிபெயரவே தடை வந்தது. தொழிற்சங்கங்கள் யாரைச் சேர்ப்பது, எத்தனை ஆண்டு பழகவைப்பது, யாருக்குச் சொல்லக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தன. நம் ஊரில் பூட்டு வேறு விதம். தறி யார் வீட்டில், உளி யார் வீட்டில், சக்கரம் யார் வீட்டில் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்டது. வெளியே இருப்பவர் கேட்டாலும் கிடைக்காது; உள்ளே பிறந்தவர் வேண்டாமென்றாலும் விடாது. அந்த வீடுகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தப்பட உரிமையில்லை. கூலியும் மரியாதையும் தராத ஒரு வேலையைக் கலை என்று புகழ்ந்து அங்கேயே இருக்கச் சொல்வது கொடுமை.

ஆகவே இந்த மேட்டின் மேல் நடப்பது இடைக்காலத்தில் எங்கும் நடந்ததில்லை. அந்தக் காலத்துக் குயவரின் வித்தையை லாரி ஓட்டுபவருக்கும் நர்ஸுக்கும் சேலை கட்டிய ஓர் அயல்நாட்டுக்காரிக்கும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உடை, கூடாரம், கொடி எல்லாம் பழங்காலம். சொல்லித் தரும் முறை மட்டும் முழுக்கப் புதியது. இங்கே எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

*

அட்டை நெசவு. சதுரமான சிறு அட்டைகள், நான்கு மூலையிலும் ஒவ்வொரு துளை, துளைக்கு ஒரு பாவு நூல். அட்டைகளை ஒன்றாக அடுக்கிக் கால்வட்டம் திருப்பினால் நூல்களுக்கு நடுவே ஒரு வாய் திறக்கும். அதில் ஊடை நூலை விட்டு, அடித்து, மறுபடி திருப்ப வேண்டும். விரல் அகலத்தில் ஒரு நாடா வளரும். தறி வேண்டாம். பாவின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும்.

1904-இல் நார்வேயின் ஓஸபெர்க்கில் ஒரு கப்பல் கல்லறையைத் தோண்டினார்கள். 834-இல் இரண்டு பெண்களை ஒரு முழுக் கப்பலோடு மண்ணில் இறக்கியிருந்தார்கள். சாமான்களுக்கு நடுவே 52 மரச் சில்லுகள், நூல் கோத்தபடியே, ஒரு நாடா பாதி நெய்த நிலையில். நெய்துகொண்டிருந்த கையை மட்டும் காணவில்லை.

அப்படி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். கம்பளியும் பட்டும் மண்ணில் மக்கிவிடும். பெரும்பாலும் கிடைப்பது வெண்கல உடையூசியின் பின்புறம் ஒட்டிய ஒரு துணுக்கு. உலோகம் களிம்பேறும்போது அதன் உப்பு பக்கத்திலிருந்த துணியில் ஊறி, பூச்சி புழு அண்டாமல் காப்பாற்றிவிடுகிறது. ஸ்வீடனின் பிர்கா கல்லறைகளில் இப்படிக் கிடைத்தவற்றை ஆக்னஸ் கெய்யர் ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டார். விரல்நகம் அளவுத் துணுக்கில் நூலின் முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அட்டை எந்தப் பக்கம் திரும்பியது என்று கண்டுபிடிப்பவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

எங்களுக்குச் சொல்லித் தந்தவர் லாரி ஓட்டுநர். ஓய்விடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் பாவைக் கட்டி நெய்வாராம். பழைய சீட்டுக்கட்டை வெட்டிச் செய்த அட்டைகளை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். என் விரல்களுக்குக் கீழே ராணிகளும் ஆட்டின்களும் கால்வட்டம் கால்வட்டமாகப் புரண்டன. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் அட்டைக்கு அப்பால் நூல் முறுக்கேறி இறுகிவிடும். எப்போது திசை மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

“இடுப்பு சொல்லும்” என்றார்.

சொல்லத்தான் செய்தது. பாவு இறுக இறுக நான் அறியாமலே மரத்தை நோக்கி நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என் முழங்காலுக்கும் புல்லில் நான் முதலில் வைத்த பைக்கும் இருந்த இடைவெளியைச் சுட்டிக் காட்டினார். அதன் பிறகு ஏறும் முறுக்கின் இறுக்கம் எனக்கே தெரியத் தொடங்கியது. ஓஸபெர்க்கின் அந்த நெசவுக்காரிக்கும் ஓர் இடுப்பு இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்த 52 சில்லுகளை எத்தனை முறை பார்த்தாலும் அது தோன்றியிருக்காது. இழுத்துக் கட்டிய பாவுக்கு மறுமுனையில் எப்போதும் ஓர் உடல் இருந்திருக்கிறது.

*

காலுறை வகுப்பு. யார்க் நகரின் காப்பர்கேட்டில் தோண்டியெடுத்த ஒரு கம்பளிக் காலுறை, 10-ஆம் நூற்றாண்டு. பின்னல் ஊசி இரண்டு வைத்துப் போட்டதல்ல. ஒற்றை ஊசியால், கட்டைவிரலில் வளையம் வளையமாகப் போட்டுத் தைத்தது. ஒவ்வொரு தையலுக்கும் நூல் முழுவதையும் இழுத்து எடுக்க வேண்டியிருப்பதால் நீள நூல் ஆகாது. கை நீளத்துக்கு வெட்டி, தீர்ந்ததும் அடுத்ததை ஒட்ட வேண்டும். முடிச்சுப் போட்டால் காலை உறுத்தும். இரண்டு முனைகளையும் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் அழுத்தித் தேய்க்க வேண்டும். சூடு ஏறியதும் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் கூச்சம் இல்லை.

*

பொன் ஒட்டும் வகுப்பைக் காலை ஏழு மணிக்கு வைத்திருந்தார்கள். ஏரியிலிருந்து ஈரம் ஏறிவரும் நேரம். அதற்காகவே அந்த நேரம்.

1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் ஒரு கைந்நூல் எழுதினார். ஓவியக்காரன் காலையில் எழுந்தது முதல் தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம் சொல்ல முயன்ற நூல். மரப்பலகைக்குப் பொன் ஒட்ட ஈரமான, இதமான நாளாகப் பார் என்கிறார். பொன்னை மெருகேற்ற நாய்ப்பல், சிங்கப்பல், ஓநாய்ப்பல், பூனைப்பல் எது கிடைத்தாலும் சரி, ஊன் தின்னும் விலங்கின் பல்லாக இருந்தால் போதும் என்கிறார். பூட்டி வைத்தவர்களின் காலத்தில் இவ்வளவு திறந்து சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஏட்டில் பொன் எழுத்து மேடாக மின்ன வேண்டுமென்றால் அடியில் ஒரு மெத்தை வேண்டும். ஜிப்சம், ஈயவெள்ளை, பசை, கொஞ்சம் சர்க்கரை அல்லது தேன். அதைத் தண்ணீரில் குழைத்து எழுத்தின் வடிவில் குளமாகத் தேக்கிக் காயவைப்பார்கள். ஈயவெள்ளை நஞ்சு, அதற்குப் பதிலாக வேறு வெள்ளை போட்டிருக்கிறேன் என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கே பழைய வழி, எங்கே மாற்று என்பதை மறைக்காமல் சொல்வது இங்கே எல்லா வகுப்புகளிலும் ஓர் ஒழுக்கமாகவே இருக்கிறது.

காய்ந்த மெத்தை பொன்னைப் பிடிக்காது. ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தொட்டால் கரைந்துவிடும். அதனால் மூச்சு. ஒரு சிறு காகிதக் குழலை உதட்டில் வைத்து, மெத்தையின் மேல் ஊத வேண்டும். ஊதக் கூடாது என்று திருத்தினார் ஆசிரியை. உதட்டிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அது ஆகாது. நெஞ்சின் அடியிலிருந்து, கண்ணாடியைத் துடைக்கும் முன் விடுவோமே, அந்த வெப்ப மூச்சு. அவர் மருத்துவமனையில் மூச்சுப் பிரிவில் நர்ஸாக இருப்பவர். என் முதுகில் உள்ளங்கையை வைத்து, “இங்கிருந்து” என்றார். விலா விரிவது அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். “இன்னும்” என்றார். “இன்னும் ஒன்று. இப்போது.”

தங்கரேக்கை வைத்து, பட்டுத்துணியால் அழுத்தினேன். எடுத்தபோது எழுத்தின் வடிவில் மட்டும் பொன் நின்றது. சர்க்கரை மூச்சின் ஈரத்தை இழுத்து, பசையை ஒரு கணம் இளக்கி, பொன் பட்டதும் மறுபடி இறுகிவிட்டது. பல் வடிவில் செதுக்கிய அகேட் கல்லால் முதலில் தாளை வைத்தும் பிறகு நேராகவும் தேய்க்கச் சொன்னார். மங்கலான மஞ்சள் இருண்டு, திடீரென்று என் சேலையின் சிவப்பு அதில் தெரிந்தது.

எத்தனை மூச்சு என்று குறிப்பில் எழுதிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். நாளின் ஈரத்தைப் பொறுத்தது என்றார் ஆசிரியை. மதியம் வேறு, உங்கள் ஊரில் வேறு. என் முதுகில் அவர் கை வைத்த இடத்தைத்தான் நான் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

*

இந்தப் பொன் எழுத்துகள் எங்கே போகின்றன? இங்கே அரசரும் அரசியும் விருதுகள் தருகிறார்கள். ஒவ்வொரு விருதுக்கும் கையால் எழுதி வண்ணம் தீட்டிய ஓர் ஏடு. அதை எழுதுபவர்கள் தொண்டர்கள். யாரென்றே தெரியாத ஒருவருக்காக, மாதக்கணக்கில் மாலை நேரங்களைச் செலவிட்டு, ஓரம் முழுக்கக் கொடியும் பறவையும் வரைகிறார்கள். கலைக்கும் கைவினைக்கும் உள்ள உயர்ந்த மரியாதை லாரல் என்ற வாகைமாலை. அதைப் பெற்றவர்கள் தங்களிடம் பழக வருபவர்களுக்குப் பச்சை இடைவார் கட்டிவிடுகிறார்கள். பச்சை வார் கட்டிக்கொண்டு, வயதில் தம்மைவிட இளைய ஆசிரியைக்குத் தூரிகை கழுவிக் கொடுத்த ஒரு நரைமீசைக்காரரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

ஒரு நெருடல் இருக்கிறது. இந்தக் கூடாரங்களில் பிளேக் இல்லை, பண்ணையடிமை இல்லை, வரி வாங்க வரும் ஆள் இல்லை. எல்லோருமே பிரபுக்கள். பசிக்காக நெய்தவர்களின் வேலையைப் பசியில்லாதவர்கள் ஆசைக்குச் செய்கிறார்கள். நெசவு வகுப்பில் ஒரு பெண் இதையே எழுப்பினார். 9-ஆம் நூற்றாண்டில் ஒரு கப்பல் பாய்க்கு நூல் நூற்ற பெண்களுக்கு இது விளையாட்டாக இருந்திருக்காது, அவர்கள் விரல் வலித்திருக்கும் என்றார். லாரி ஓட்டுநர் தலையாட்டினார். வகுப்பின் கடைசிக் கால் மணியை, ஒரு முழம் துணிக்கு எவ்வளவு நூல், அதை நூற்க எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக் காட்டவே ஒதுக்கினார். செய்து பார்த்தவர் போடும் கணக்கில், செய்தவர்களின் உழைப்பு மறைவதில்லை. என் நெருடல் முழுக்கப் போகவில்லை; போக வேண்டுமென்றும் நினைக்கவில்லை.

*

மை சொல்லித் தந்தவரிடம் கலம்காரிக் கருப்பைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். இரும்புத் துண்டும் வெல்லமும் தண்ணீரும் பானையில் போட்டுப் புளிக்கவைப்பார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து ஊறப்போட்டுக் காயவைத்து, அதன் மேல் அந்தப் புளித்த நீரால் வரைந்தால் தொட்ட இடம் கருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும். அவர் மை கருப்பதும் அதே சேர்க்கையால்தான். பால் எதற்கு என்பதுதான் அவருக்குப் புதிது. கோடு பரவாமல் நிற்பதற்கு என்றேன். அவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“அடுத்த ஆண்டு நீங்கள் இதை எடுக்க வேண்டும்” என்றார்.

வகுப்பு எடுக்க விண்ணப்பிக்கும்போது ஆதாரம் என்னவென்று தயாராக வைத்திருப்பது நல்லது என்றார்கள். 1600-க்கு முந்தையது என்று எதைக் கொண்டு சொல்கிறேன்? எகிப்தின் ஃபுஸ்தாத் குப்பைமேடுகளிலும் அதைச் சுற்றியும் கிடைத்த இந்தியப் பருத்தித் துணுக்குகள் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நியூபெரி தொகுப்பாக இருக்கின்றன. ரூத் பார்ன்ஸ் 1997-இல் அவற்றைப் பட்டியலிட்டு நூலாக்கியிருக்கிறார். ஆனால் அவை பெரும்பாலும் குஜராத்திலிருந்து போனவை, அச்சுக்கட்டையால் பதித்தவை. எழுதுகோலால் வரையும் நம் பக்கத்து வேலைக்கு அதை நேராக ஆதாரம் காட்ட முடியாது. சாயத்தின் வழிக்கு அது சான்று, கைக்கு அல்ல என்று விண்ணப்பத்தில் அப்படியே எழுதப்போகிறேன். கொடாலிக் கருப்பூரில் தஞ்சை மராத்திய அரசவைக்கு நெய்து தீட்டிய சேலைகள் இன்னும் பிற்காலத்தவை. அவற்றைப் படமாகக் காட்டலாம், ஆதாரமாக வைக்கக் கூடாது.

பானை எத்தனை நாள் புளிக்க வேண்டும் என்று புத்தகங்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கின்றன. கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரி வரைகிறார்கள். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அங்கே போய்க் கேட்க வேண்டியவை: பானை தயார் என்பது வாசனையில் தெரியுமா, நுரையிலா? ஆகஸ்ட் மாத ஈரத்தில் துணி காய எவ்வளவு நேரம் விட வேண்டும்? எருமைப் பால் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? அவர்கள் சொல்லித் தருவதை இன்னொரு நாட்டில் ஒரு கூடாரத்தில் கூலியில்லாமல் நான் சொல்லித் தர அவர்களுக்குச் சம்மதமா? இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.